சின்னக் காட்டாற்றில் கயாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் வந்தால் காரின் மேல் ஒரு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் படகைக் கட்டிக்கொண்டு கோவையிலிருந்து கோழிக்கோடு பக்கம் கிளம்பிவிடுவேன். அபார்ட்மெண்ட் வாட்ச்மேனில் தொடங்கி சித்தப்பா வரை எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அலுவலகத்தில் இரண்டு பேர் "அடுத்த தடவை நாங்களும் வர்றோம்" என்று சொன்னதும் கேள்விகள் இன்னும் கூடின. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதிலை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நான் போவது பெரும்பாலும் கேரளாவில் கோடஞ்சேரி பக்கத்துச் சாலிப்புழா, இருவஞ்சிப்புழா என்ற இரண்டு ஆறுகளுக்கு என்பதால், உதாரணங்கள் அங்கிருந்தே வரும்.

இது ரிஷிகேஷ் ராஃப்டிங் மாதிரிதானே? இல்ல ஒகேனக்கல் பரிசலா?

இரண்டும் இல்லை. ராஃப்டில் ஏழெட்டுப் பேர் உட்காருவார்கள், பின்னால் இருக்கும் கைடு சொல்வதைச் செய்தால் போதும். பரிசலில் அதுகூட வேண்டாம், பரிசல்காரர் பார்த்துக்கொள்வார். கயாக்கில் நீங்கள் ஒரே ஆள். கால்களை நீட்டி உள்ளே உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடையை மாட்டி (ஸ்ப்ரே ஸ்கர்ட் என்பார்கள், பாவாடை என்றாலே எங்கள் குழுவில் புரியும்) படகின் வாயை மூடிவிடுவீர்கள். இரண்டு பக்கமும் அலகு உள்ள துடுப்பு ஒன்று. அவ்வளவுதான்.

கங்கை மாதிரியான பெரிய ஆற்றில் தண்ணீர் அதிகம், அலை பெரிது, ஆனால் இடமும் நேரமும் இருக்கும். நான் சொல்லும் ஆறு சில இடங்களில் டவுன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும்.

அவ்வளவு சின்ன ஆறா? அப்ப அதுல என்ன பயம்?

மேட்டூர் நீர்வரத்துச் செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் கன அடியிலேயே சொல்கிறேன். காவிரியில் லட்சம் கன அடி என்றால்தான் நமக்கு வெள்ளம். ஒரு சின்னக் காட்டாற்றில் நொடிக்கு 200 கன அடி ஓடினாலே நல்ல தண்ணீர். ஆனால் அந்த 200 கன அடி என்பது நொடிக்கு ஐந்தரை டன். அது ஓர் ஆள் உயரப் பாறைச் சந்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தண்ணீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது.

அப்புறம் சரிவு. கிலோமீட்டருக்கு 20 மீட்டருக்கு மேல் இறங்கும் ஓடையைத்தான் இந்த விளையாட்டில் செங்குத்தான ஓடை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆறு சாய்ந்து ஓடாது, படிப்படியாகக் குதிக்கும். ஒரு குதிப்பு, ஒரு சின்ன மடு, உடனே அடுத்த குதிப்பு. மேலே உட்கார்ந்து பார்த்தால் அடுத்த குதிப்புக்கு அப்பால் எதுவும் தெரியாது, மரங்களின் உச்சி மட்டும் தெரியும்.

அது எங்க இருக்கு?

கோழிக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. தூரத்தில் துஷாரகிரி அருவி. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் ஓடைகள் அங்கே சேர்ந்து சாலிப்புழா ஆகின்றன. அது கோடஞ்சேரி, புலிக்கயம் வழியாக ஓடி இருவஞ்சிப்புழாவில் சேர்கிறது, இருவஞ்சி சாலியாற்றில் சேர்கிறது, சாலியாறு பேப்பூரில் கடலில் கலக்கிறது. பாண்டியாறு–புன்னம்புழா திட்டம் என்று நம் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கூடலூர்ப் பக்கம் பெய்யும் அந்தத் தண்ணீரும் கடைசியில் இதே சாலியாற்றுக்குத்தான் போகிறது.

புலிக்கயத்தில் இருக்கும் கயம் நம்முடைய கயம்தான், ஆழமான நீர்நிலை. ஊர்ப்பெயரே ஆற்றைப் பற்றிய எச்சரிக்கை மாதிரி இருப்பது எனக்குப் பிடிக்கும்.

டிசம்பர் லீவுல போலாமா?

போகலாம், பாறை மேல் உட்கார்ந்து முறுக்கு சாப்பிடலாம். இமயமலை ஆறுகளுக்குப் பனி உருகித் தண்ணீர் வரும். இங்கே மழை மட்டும்தான். தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கி, ஜூலை ஆகஸ்டில்தான் படகு மிதக்கும் அளவுக்கு ஆறு நிறையும். 2013இல் தொடங்கிய மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் போட்டியை மழைக்காலத்தில் நடத்துவதும் இதனால்தான். வெளிநாட்டிலிருந்தும் வந்து ஓட்டுவார்கள். கரையில் நின்று பார்க்க மட்டுமாவது ஒரு தடவை போய் வாருங்கள், கோடஞ்சேரிக்காரர்கள் குடையோடு குடும்பமாக நிற்பார்கள்.

மழை விட்டு நான்கைந்து நாள் ஆனால் இந்த ஆறு இளைத்துவிடும். ஒரே நாளில்கூடக் காலையில் ஓர் ஆறு, மாலையில் வேறோர் ஆறு.

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்தான் இருக்கே?

இந்த ஆற்றுக்கு வேண்டாம். முதலில் நீச்சல், அப்புறம் குளத்திலோ ஏரியிலோ படகு, அப்புறம் இறக்கம் குறைந்த ஆறு, அதற்கப்புறம்தான் இது. நுரை பொங்கும் இடத்தில் தண்ணீரோடு பாதிக்குப் பாதி காற்று கலந்திருக்கும். அந்த நுரை உங்களைத் தாங்காது. ஜாக்கெட் போட்டிருந்தாலும் சில நொடி உள்ளே போய்த்தான் வருவீர்கள். அந்தச் சில நொடியில் பதறாமல் இருப்பவருக்குத்தான் ஜாக்கெட் உதவும்.

பாவாடைய மாட்டி மூடிட்டு, படகு கவுந்தா? உள்ளேயே மாட்டிக்க மாட்டோமா?

இதை அம்மாவும் கேட்டார்கள். பாவாடையின் முன்பக்கம் ஒரு பட்டைக் கைப்பிடி இருக்கும். அதை முன்னால் தள்ளி இழுத்தால் மூடி கழன்றுவிடும், தொடையைத் தளர்த்தினால் நீங்களே வெளியே வந்துவிடுவீர்கள். முதல் நாள் முதல் பாடமே இதுதான். அந்தக் கைப்பிடி வெளியே தெரிகிறதா என்று இறங்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே மடித்துவிட்டு மாட்டினால் நீங்கள் பயப்படுவது நடக்கும்.

ஆனால் வெளியே வருவது கடைசி வழி. முதல் வழி ரோல். தலைகீழாகத் தொங்கிக்கொண்டே துடுப்பைத் தண்ணீரின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, இடுப்பை வெட்டிப் படகை நிமிர்த்துவது. தலை கடைசியாகத்தான் வெளியே வர வேண்டும். எல்லோரும் மூச்சுக்காக முதலில் தலையைத் தூக்குவார்கள், படகு மறுபடி கவிழும். நான் குளத்தில் ரோல் கற்க ஒரு வாரம் ஆயிற்று, ஓடும் தண்ணீரில் அதே ரோல் வர ஒரு வருடம் ஆயிற்று.

எந்தப் படகு வாங்கணும்? எவ்ளோ ஆகும்?

உடனே எதையும் வாங்காதீர்கள். கற்றுக்கொள்ளும் இடத்தில் படகு தருவார்கள். வாங்குகிற கட்டம் வந்தால், ஓடைக்கென்று செய்த படகு வேண்டும்: இரண்டரை மீட்டருக்கு முன்பின் நீளம், ஏறக்குறைய 300 லிட்டர் கொள்ளளவு, மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். குதித்த பிறகு மூக்கு சீக்கிரம் மேலே வருவதற்கு அந்த வளைவு. எல்லாம் பாலிஎத்திலீன் வார்ப்பு, பாறையில் உரசினால் கீறும், உடையாது. புதிதாக இறக்குமதி செய்தால் ஒரு நல்ல பைக் விலை ஆகும். என்னுடையது பைரான்யா கம்பெனியின் பழைய படகு, மூன்றாவது கை.

படகில் மிச்சம் பிடியுங்கள், ஹெல்மெட்டில் பிடிக்காதீர்கள். பைக் ஹெல்மெட் உதவாது, தண்ணீர் உள்ளே நிறைந்து கழுத்தை இழுக்கும். கூடவே விசில், கத்தி, தண்ணீரில் விழுந்தவருக்கு எறிய 15–20 மீட்டர் மிதக்கும் கயிறு அடைத்த எறிபை. எறிபை இல்லாதவரோடு நாங்கள் இறங்குவதில்லை.

கிளாஸ் 3, கிளாஸ் 4ன்னு பேசிக்கிறீங்களே, அது என்ன?

ஆற்றின் ஒவ்வொரு இறக்கத்துக்கும் 1 முதல் 6 வரை போடும் மதிப்பெண். 1 என்றால் சலசலப்பு. 3இல் அலையும் திருப்பமும் இருக்கும், தடம் தெளிவாகத் தெரியும். 4இல் துல்லியமாக ஓட்டியாக வேண்டும். 5இல் தப்பினால் உயிருக்கு ஆபத்து. 6 ஓட்ட முடியாதது அல்லது இதுவரை அரிதாகவே ஓட்டியது.

இந்த எண்ணை முழுதாக நம்பாதீர்கள். மழைக்கு முன் 3 ஆக இருந்த இடம் மழைக்குப் பின் 5 ஆகும். எங்களுக்குப் பழக்கமான ஒரு பாலத்தின் தூணில் பழைய பெயிண்ட் கறை ஒன்று இருக்கிறது. கறை தெரிந்தால் இறங்குவோம், மூழ்கியிருந்தால் டீக்கடை. எண்ணைவிட அந்தக் கறை எங்களுக்கு ஒழுங்காக வழி சொல்லியிருக்கிறது.

தண்ணி தள்ளிட்டே இருக்குமே, நடுவுல எப்படி நிறுத்துவீங்க?

இவ்வளவு கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கேட்டவர் ஒரு லாரி டிரைவர். பிரேக் பற்றிக் கேட்க அவருக்குத்தான் தோன்றியது.

பாறையில் மோதும் தண்ணீர் இரு பக்கமும் பிரிந்து போகும். பாறைக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் மாதிரி உண்டாகி, அதை நிரப்பத் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி வரும். எடி என்பார்கள். நம் ஊரில் ஆற்றில் திரும்புகிற தண்ணீர் எல்லாவற்றுக்கும் சுழி என்று பெயர் வைத்துப் பயந்துவிடுவோம். பயப்பட வேண்டிய சுழி உண்டுதான், ஆனால் பாறைக்குப் பின்னால் இருக்கும் இது ஓய்விடம். முன்னே ஆறு கத்திக்கொண்டு ஓடும், நீங்கள் இரண்டடி தள்ளி அசையாமல் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும், சில இடத்தில் ஒரு சாண் உயர வித்தியாசம்கூட இருக்கும். அந்தக் கோட்டை வேகமாக, குறுக்காக வெட்டி நுழைய வேண்டும். மூக்கு உள்ளே போனதும் திரும்பும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும், வால் இன்னும் ஓட்டத்தில் இருக்கும், படகு தானாகவே திரும்பி ஆற்றின் மேல்பக்கத்தைப் பார்த்து நிற்கும். அந்த நொடியில் பைக் வளைவில் சாய்வது போலத் திரும்பும் பக்கமே சாய வேண்டும். மறுபக்கம் சாய்ந்தால் கவிழ்வீர்கள்.

சின்ன ஓடையில் இந்த எடி ஒரு கட்டில் அளவுதான் இருக்கும், மூன்று படகுக்கு மேல் கொள்ளாது. நான்காவது ஆள் எங்கே நிற்பார் என்று இறங்குவதற்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். யாராவது "நான் நல்லா ஓட்டுவேன்" என்று சொன்னால் நான் பார்ப்பது அவர் எப்படிக் குதிக்கிறார் என்பதை அல்ல, சொன்ன எடியில் நிற்கிறாரா என்பதை.

முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாம எப்படிப் போறது?

தெரியாமல் போகக் கூடாது. கடைசி எடியிலிருந்து எட்டிப் பார்த்து முழுத் தடமும் தெரிந்தால் போவோம். தெரியாவிட்டால் படகைக் கரையில் ஏற்றி, ரப்பர்த் தோட்டத்துக்குள் நடந்து போய் மேலிருந்து பார்ப்போம். பார்க்கும்போது தடத்தை மட்டும் பார்க்கக் கூடாது, தடம் தப்பினால் எங்கே போய்ச் சேர்வோம் என்றும் பார்க்க வேண்டும்.

முதல் ஆள் இறங்கியதும் கீழிருந்து சைகை செய்வார். துடுப்பை நட்டமாகத் தூக்கினால் "வா". தலைக்கு மேல் குறுக்கே பிடித்தால் "நில்". ஒரு பக்கம் சாய்த்தால் "அந்தப் பக்கமாகப் போ". ஆபத்தான பக்கத்தைச் சுட்டிக் காட்டவே மாட்டோம், போக வேண்டிய பக்கம் மட்டும்தான். மூன்று விசில் என்றால் ஆபத்து. ஆற்றுச் சத்தத்தில் கத்துவது கேட்காது.

பாறைல மோதினா அவ்ளோதானா?

மோதுவது சகஜம். படகு பக்கவாட்டாகப் பாறையில் ஒட்டினால் உடனே பாறை பக்கமாகச் சாய்ந்து அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். உடம்பு எதிர்ப்பக்கம் சாயச் சொல்லும். சாய்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் படகின் மேல் ஏறி, படகைப் பாறையோடு மடித்துவிடும்.

எனக்கு உண்மையான பயம் இரண்டு விஷயத்தில். ஒன்று, பாறைக் குவியலுக்குள் தண்ணீர் சல்லடை மாதிரி புகுந்து போகும் இடம். தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. மேலிருந்து பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும், நுரைகூட இருக்காது. உள்ளே போகும் தண்ணீர் மறுபக்கம் அதே அளவில் வெளியே வருகிறதா என்று பார்ப்பதுதான் கண்டுபிடிக்கும் வழி. இன்னொன்று மரம். கரை முழுக்க ரப்பரும் பாக்கும். ஒரு காற்று மழையில் ஒரு மரம் குறுக்கே விழுந்தால், நேற்று ஓட்டிய இடம் இன்று ஓட்ட முடியாது. விழுந்த மரத்தை நோக்கித் தண்ணீர் உங்களை இழுத்துப் போனால், கடைசி நேரத்தில் தலை முன்னால் வருகிற மாதிரித் திரும்பி வேகமாக நீந்தி, மரத்தின் மேலே ஏறிவிட வேண்டும். அடியில் போனால் கிளைகளில் மாட்டிக்கொள்வீர்கள்.

படகிலிருந்து விழுந்துட்டேன். முழங்கால் தண்ணிதான். எந்திரிச்சு நிக்கலாமா?

கூடாது. ஓடும் தண்ணீரில் நின்றால் கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் முதுகைத் தள்ளி முகத்தை அமுக்கும். முழங்கால் தண்ணீரில் ஆள் போவது இப்படித்தான். மல்லாந்து படுத்து, கால்விரல்கள் தண்ணீருக்கு மேல் தெரிய, கால் முன்னால் போகிற மாதிரி மிதந்து வாருங்கள். கரையோரம் தண்ணீர் நின்றதும் எழுந்திருங்கள்.

கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றாதீர்கள். என் இரண்டாவது வருடத்தில் ஓர் எடியைத் தவறவிட்டு, அடுத்தடுத்து இரண்டு குதிப்பு படகில்லாமலேயே இறங்கினேன். மேலே பாக்குத் தோட்டத்தில் வேலையாக இருந்த ஒரு சேட்டன் ஓடிவந்து, என் நண்பன் எறிந்த கயிற்றைக் கூடப் பிடித்து இழுத்தார். ஒரு ஷூ போனது, முட்டி ஒரு மாதம் நீலமாக இருந்தது. "மோனே, இனி மழயத்து வரண்டா" (மகனே, இனி மழையில் வர வேண்டாம்) என்றார். அடுத்த மழைக்கும் போனேன், அவருக்கு ஊட்டி வர்க்கி வாங்கிக்கொண்டு.

பூஃப் பூஃப்னு சொல்றீங்களே, என்ன அது?

குதிக்கும்போது மூக்கு கீழே குத்தாமல், படகின் அடிப்பாகம் தட்டையாகத் தண்ணீரில் விழும்படி செய்வது. விளிம்பில் மூக்கு வெளியே நீட்டும் நேரத்தில் ஒரு நீளமான துடுப்பு வீச்சு, கூடவே முழங்காலை மேலே இழுப்பது. விழும்போது வரும் சத்தம்தான் பெயர். மூக்கு குத்தினால் அருவியின் அடியில் சுழலும் தண்ணீருக்குள் போய்விடுவீர்கள், தட்டையாக விழுந்தால் அதைத் தாண்டிவிடுவீர்கள். அதற்காக மிக உயரத்திலிருந்து தட்டையாக விழக் கூடாது, முதுகெலும்பு வாங்கும். அங்கே மூக்கைக் கொஞ்சம் சாய்த்து இறக்க வேண்டும்.

அப்ப குற்றாலத்துல குதிக்கலாம்ல?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. அருவியில் குதிக்க அடியில் ஆழமான மடு வேண்டும், நடுவில் பாறை இருக்கக் கூடாது. 2009இல் அமெரிக்காவின் பலூஸ் அருவியில் டைலர் பிராட் 189 அடி இறங்கினார் என்றால், அங்கே அடியில் ஆழம் இருந்தது. நம் பேரருவி நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, பாறையில் வழிந்துதான் கீழே வருகிறது. அங்கே குளிக்கத்தான் முடியும்.

ஆத்துக்குக் குறுக்க ரெண்டடி தடுப்பணை. அதைக்கூட சுத்திப் போறீங்களே, அவ்ளோ பயமா?

ஆமாம். பத்தடி இயற்கைக் குதிப்பைவிட அதற்குத்தான் பயம். பாறையில் விழும் தண்ணீர் ஒழுங்கற்றது. சுழன்று திரும்பும் இடம் ஒரு பக்கம் இருந்தால், இன்னொரு பக்கம் வெளியேற வழி இருக்கும். தடுப்பணையை மேஸ்திரி மட்டக்கோல் வைத்துக் கட்டியிருக்கிறார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே சீராக விழுந்து, அடியில் போய், மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி வரும். உள்ளே சிக்கியவரை அது மறுபடி மறுபடி இழுத்து அமுக்கும். ஓரத்தில் சுவர், வழி கிடையாது.

நம் ஊரில் புதுத் தண்ணீர் வந்ததும் பையன்கள் தடுப்பணையில் குளிக்கப் போய் இறந்தார்கள் என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சுழற்சிதான் இருக்கிறது. "நீச்சல் தெரிந்தவன் எப்படிப் போனான்?" என்று கேட்பார்கள். நுரை தாங்காது என்று மேலே நீச்சல் கேள்வியில் சொன்னேனே, அதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்க மழையே இல்லையே, அப்புறம் ஏன் ஊர்க்காரங்க இறங்காதேங்கிறாங்க?

மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை, மலையில் பெய்தால் போதும். மலையாளத்தில் மலவெள்ளம், அதாவது மலை வெள்ளம் என்பார்கள். தண்ணீர் சட்டென்று செம்மண் நிறமாகும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், சத்தம் தடிக்கும், அல்லது காரணமே தெரியாமல் பாறையில் ஈரக் கோடு மேலே ஏறும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் படகைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுங்கள். ஊர்க்காரர் சொன்னால் எதையும் பார்க்காமலே ஏறுங்கள்.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த நிலச்சரிவு, நான் சொல்லும் ஆறுகள் பிறக்கும் அதே வெள்ளரிமலைத் தொடரில்தான் நடந்தது. இறந்தவர்கள் பலரின் உடல்கள் சாலியாற்றில் நிலம்பூர்ப் பக்கம் வந்து ஒதுங்கின. அந்த வருடம் நாங்கள் படகை அவிழ்க்காமலே திரும்பினோம். இப்போது ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் இருந்தால் கிளம்புவதே இல்லை.

அட்டை கடிக்குமா?

கடிக்கும், உப்பு போட்டால் விழும். கவலைப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். மழைக்காலக் கேரளாவில் அது சாதாரணம், காலில் கீறலோடு தண்ணீரில் இருந்தால் வரலாம். போவதற்கு முன் டாக்டரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். வந்த பிறகு காய்ச்சல் அடித்தால் ஆற்றில் இருந்ததை முதலிலேயே சொல்லுங்கள்.

ரெண்டு வருஷமா ஓட்டுறேன். தனியா போலாமா?

கூடாது. மூன்று பேராவது வேண்டும்: ஒருவர் மாட்டினால் ஒருவர் கயிறு பிடிக்க, ஒருவர் ஓடிப் போய் ஆள் கூப்பிட. கேமராவுக்காக ஒருவர் வருவார், அவர் இந்தக் கணக்கில் வர மாட்டார்.

நீங்க எதையாவது ஓட்டாம விட்டிருக்கீங்களா?

போன வருடம் ஒரு நாளில் மட்டும் நான்கு இடம். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் படகைத் தோளில் வைத்துக்கொண்டு, வழுக்கும் பாறையில் ஒவ்வோர் அடியாக இறங்குவது ஓட்டுவதைவிடக் கஷ்டம். அதில் மூன்றாவது இடத்தை என்னோடு வந்த பெண் ஒருவர் அழகாக ஓட்டினார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். கீழே கயிற்றோடு நின்று, துடுப்பை நட்டமாகத் தூக்கிக் காட்டினேன். அடுத்த மழைக்கு அந்த இடத்தை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும், பெயிண்ட் கறை தெரிந்தால்.